சின்னத்தம்பி எந்தப் பரம்பரை?

நாற்பது வருடம் நொத்தாரிசு ஒருவரிடம் காணி உறுதி, அதாவது பத்திரம், எழுதியவன் நான். அதனால் பெயர், பூர்வீகம் என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் வீட்டுப் படலையைத்தான் காட்டிவிடுகிறார்கள். இந்தமுறை வந்தவற்றில் சில.

கேள்வி (ரொறொன்ரோ): ஐயா, எங்கள் குடும்பப் பெயர் சின்னத்தம்பி. இங்கே இதே பெயரில் வேறு குடும்பங்களும் இருக்கின்றன. நாங்கள் எல்லோரும் ஒரே பரம்பரையா?

தம்பி, அது உங்கள் அப்பாவின் பெயராகவோ பேரனின், அதாவது தாத்தாவின், பெயராகவோதான் இருக்கும். குடிவரவுப் படிவத்தில் ஒரு கூடு காலியாகக் கிடந்தது, நிரப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு சின்னத்தம்பி இருந்தார்கள். நம் வழக்கத்தில் முதற்பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் சகோதரர்கள். ஆனால் அருணாசலத்தின் மகன் அருணாசலம் மகாதேவா. பொன்னம்பலம் அதோடு சரி. ஜீ. ஜீ. பொன்னம்பலம் வீட்டில் இதற்கு நேர்மாறு: மகன் குமார் பொன்னம்பலம், குமாரின் மகன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டு வீட்டையும் ஒரே கொடியில் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி (குருநகர்): சந்தியாப்பிள்ளை என்பது மாலைச் சந்தியாவா?

இல்லை. அது சந்தியாகு, அதாவது புனித யாக்கோபு. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்கள் வழியாக வந்த பெயர்களோடு நம் ஆட்கள் பிள்ளையை ஒட்டிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். யோசே சூசைப்பிள்ளை ஆனார், செபஸ்தியான் பஸ்தியாம்பிள்ளை ஆனார்.

கேள்வி (மானிப்பாய்): பூட்டனாரின் பெயருக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெயர் நிற்கிறது. ஏன்?

அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்திருப்பார். கடல் கடந்து படிப்புச் செலவை ஏற்றவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அங்கே வழக்கம். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் இப்படிப் பலர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் (1857) நம்மவர்கள். அவர்களில் ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை: சி என்றால் சிறுப்பிட்டி, வை என்றால் தகப்பனார் வைரவநாதர். கடிதம் போட அந்தப் பெயரே போதும்!

கேள்வி (கொழும்பு): நாங்கள் உடையார் பரம்பரையாம். பெயரோடு சேர்க்கலாமா?

உடையார் என்பது அந்தக் காலத்து ஊர் அதிகாரியின் உத்தியோகம். ஆசையென்றால் சேருங்கள், சம்பளம் வராது.

கேள்வி (பாரிஸ்): அப்போ பூர்வீகத்தை எப்படித்தான் தேடுவது?

பெயரை விட்டுவிட்டுக் காணியைப் பிடியுங்கள், பிள்ளை. இங்கே ஆட்களின் பெயர் மாறும், காணியின் பெயர் அப்படியே கிடக்கும். போன வருடம் ஒருவர் பழைய உறுதி ஒன்று கொண்டுவந்தார். மடிப்பெல்லாம் கிழிசல், சொந்தக்காரரின் பெயரில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. ஆனால் ‘புளியடி வளவு, 4 பரப்பு’ என்பது தெளிவாக இருந்தது. எல்லையில், கிழக்கே ஒழுங்கை, வடக்கே ‘வள்ளிப்பிள்ளையும் பங்காளரும்’. யார் அந்த வள்ளிப்பிள்ளை? வீட்டுக்கிழவியைக் கேட்டால், ‘எங்கட அம்மம்மாவின்ர தமக்கையெல்லோ’ என்றா. ஒரு வடக்கெல்லையால் ஒரு கிளையே கிடைத்தது.

தகப்பன் பெயரை மட்டும் முன்னால் வைக்கும் வழக்கத்தில் பெண்கள் காணாமல் போவார்கள். ஆனால் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமைப்படி சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஒல்லாந்தர் 1707இலேயே அதை எழுதி வைத்துவிட்டார்கள். அதனால் உறுதியில் அம்மம்மாவும் பூட்டியும் தங்கள் பெயரோடு நிற்பார்கள்.

எடுத்த எடுப்பில் ஒல்லாந்தர் தோம்பு என்ற காணிப் பதிவேட்டைப் பார்க்கக் கொழும்புச் சுவடிக்கூடத்துக்கு ஓட வேண்டாம். அது அவர்களின் மொழியில் இருக்கிறது. முதலில் அப்பாவின் பிறப்பு அத்தாட்சியை எடுங்கள். பலவற்றில் பேரன் பிறந்த ஆண்டுக்கும் இடத்துக்கும் ஒரு கூடு உண்டு. அப்புறம் அந்த ஊர் உறுதி எதுவானாலும் இரு பக்கமும் படம் பிடித்து அனுப்புங்கள். மடிப்பை இழுத்து விரிக்காதீர்கள், வடக்கெல்லை அதற்குள்தான் இருக்கும்.