கூடைக்கு அடியில் நிற்கும் பிள்ளை

வணக்கம்.

உங்கள் தளத்தில் வரும் விளையாட்டுக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். என் அக்காவின் மகனுக்கு 17 வயது, ஆறடி நான்கு அங்குலம். பாடசாலைக் கூடைப்பந்தாட்ட அணியில் அவன்தான் சென்டர். ஒரு மேட்ச்சில் இருபது, இருபத்தைந்து புள்ளி சாதாரணமாக எடுப்பான். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ தவிர வேறு பேச்சே இல்லை. "லெப்ரான் ஸ்கூலில் இருந்து நேரே போகவில்லையா?" என்று கேட்கிறான்.

இப்போது ஓர் ஏஜென்சிக்காரர் வந்திருக்கிறார். அமெரிக்காவில் ஒரு பள்ளியில் சேர்த்துவிடுவாராம். அங்கிருந்து பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் நிச்சயமாம். முதலில் முப்பத்தைந்து இலட்சம் கட்ட வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் அவன் சித்தப்பா பாதி தரத் தயார். அக்காவோ ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடியும்வரை பந்தைத் தொடவே கூடாது என்று நிற்கிறார். அத்தான் வாயே திறப்பதில்லை. இடையில் நான் மாட்டிக்கொண்டேன். என்ன செய்யலாம்? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு தாய்மாமன்

*

அன்புள்ள நண்பருக்கு,

மருமகனின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். லெப்ரான் ஜேம்ஸ் 2003 இல் ஒஹாயோவின் அக்ரன் நகரத்துப் பள்ளியில் இருந்து நேரே என்பிஏ போனது உண்மை. என்பிஏ அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்டில் அந்த ஆண்டு முதல் ஆளாகவே அவரை எடுத்தார்கள். அவருக்கு முன் 1995 இல் கெவின் கார்னெட், 1996 இல் கோபி பிரையன்ட் அப்படிப் போனார்கள். ஆனால் 2005 இல் என்பிஏயும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தோடு அது நின்றுவிட்டது. 2006 இல் இருந்து, டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்க வீரர் என்றால் பள்ளி முடித்து ஒரு வருடமாவது கழிந்திருக்க வேண்டும். மருமகன் காட்டும் உதாரணம் அவன் பிறக்கும் முன்பே காலாவதியாகிவிட்டது. அதோடு, நேரே போனவர்களில் தேறியவர்களின் பெயர்தான் நம் வாயில் வருகிறது. 1998 இல் கோர்லியோன் யங் என்ற பையனை டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 40 ஆவதாக எடுத்தது. என்பிஏயில் அவர் ஆடியது மொத்தம் மூன்றே மூன்று மேட்ச். அவரைப் பற்றி மருமகனிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, இது சின்ன விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: "அவன்தான் சென்டர்."

கொழும்பில் ஒரு பிள்ளை பதின்மூன்று வயதில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக வளர்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். கூடைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மற்றவர்கள் பந்தைக் கொண்டுவந்து அவன் தலைக்கு மேலே எறிவார்கள். அவன் பிடித்து, திரும்பி, போடுவான். தடுக்க வருகிறவன் ஐந்தடி எட்டு அங்குலம்; கை எட்டாது. இருபது புள்ளி, இருபத்தைந்து புள்ளி. கோச்சை நான் குறை சொல்ல வரவில்லை. அடுத்த கிழமை மேட்ச் வெல்ல வேண்டிய எந்தக் கோச்சும் இதைத்தான் செய்வார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்வேன்.

ஆனால் என்பிஏ வீரர்களின் சராசரி உயரம் ஏறத்தாழ ஆறடி ஆறரை அங்குலம். அங்கே சென்டர் என்றால் ஏழடிக்குப் பக்கம். ஆறடி நான்கில் இருப்பவர் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர். எதிராளி முகத்துக்கு நேரே நின்று மறிக்கும்போது பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேற வேண்டும், யார் எங்கே நிற்கிறான் என்று பார்த்துப் பாஸ் கொடுக்க வேண்டும், தூரத்தில் இருந்து போட வேண்டும், தன்னைவிட வேகமானவனைக் கடந்துபோக விடாமல் மறிக்க வேண்டும். இதில் மருமகன் ஒரு மேட்ச்சில் எதைச் செய்கிறான்? என் ஊகம், ஒன்றுமே இல்லை. நான்கைந்து வருடமாக அந்த வேலையை அவனுக்காக வேறு பிள்ளைகள் செய்துகொடுக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை அந்தோனி டேவிஸுடையது. சிகாகோவில் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அவர் சாதாரண உயரக் கார்ட். அப்புறம் மளமளவென்று எட்டு அங்குலம்போல வளர்ந்து ஆறடி பத்தைத் தொட்டார். உடம்பு சென்டருக்குரியது, கைப்பழக்கம் கார்ட்டுக்குரியது. 2012 இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்து, அதே ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். குட்டையாக இருந்த காலத்தில் பழகியதுதான் உயர்ந்த பிறகு அவருக்கு உதவியது. நம் பிள்ளைகளுக்கு முதலிலேயே உயரம் வந்துவிடுகிறது, பழக வாய்ப்பில்லாமல் போய்விடுகிறது.

நீங்கள் உடனே தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்வீர்கள். யாழ்ப்பாணத்துப் பெண், 2.08 மீற்றர். 2018 இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றபோது அணியின் தூண் அவர்தான். அடுத்த ஆண்டு லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவரும் அவரே. அவுஸ்திரேலியக் கழகங்களும் அவரைக் கூப்பிட்டன. ஆனால் வலைப்பந்தாட்டத்தின் விதி வேறு. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, கையில் இருக்கும் பந்தைப் பறிக்க முடியாது, கோல் போடுகிறவர் தன் எல்லைக்குள் நின்றால் போதும். அங்கே உயரத்துக்கு முழு விலை உண்டு. கூடைப்பந்தில் எதிரணி உயரமானவனைக் கூடையை விட்டு வெளியே இழுத்து, அங்கே வைத்து ஓடவிடும்.

உயரம் மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் சத்னாம் சிங். பஞ்சாபில் ஒரு கிராமத்துப் பையன், ஏழடிக்கு மேல். லுதியானா அகாடமியில் பழகி, 2010 இல் புலமைப்பரிசிலில் புளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். கல்லூரிப் பக்கமே போகாமல், 2015 டிராஃப்டில் டாலஸ் மாவரிக்ஸ் அவரை 52 ஆவதாக எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவரை என்பிஏ அணி எடுத்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு? டாலஸின் கீழ்மட்ட அணியான டெக்சஸ் லெஜென்ட்ஸில் ஆடினார். என்பிஏ பருவகால மேட்ச் ஒன்றுகூட ஆடக் கிடைக்கவில்லை. பின்னாளில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அவரை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். அந்தக் கிராமத்தில் இருந்து அவ்வளவு தூரம் போனதே பெரிய விஷயம். ஆனால் ஏழடிக்கே இந்தக் கதி என்றால் ஆறடி நான்கில் கூடைக்கு அடியில் மட்டும் ஆடத் தெரிந்தவனுக்கு அங்கே இடம் எங்கே?

ஏஜென்சிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கல்லூரியில் கூடைப்பந்துக்குப் புலமைப்பரிசில் கொடுப்பது அந்தக் கல்லூரியின் கோச். நடுவில் இருக்கும் எவரும் "நிச்சயம்" என்று சொல்ல முடியாது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏயில் மூன்று பிரிவுகள் உண்டு. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுப்பதே இல்லை. ஆகவே அவரிடம் நேராகக் கேளுங்கள்: பள்ளியின் பெயர் என்ன, அதன் பாடங்களை என்சிஏஏ ஏற்றுக்கொள்கிறதா, போன வருடம் அனுப்பிய பிள்ளைகள் இப்போது எந்தக் கல்லூரி அணியில் ஆடுகிறார்கள். கல்லூரிகள் தங்கள் அணிப் பட்டியலை இணையத்தில் போடுகின்றன. பெயரைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெயர் சொல்லாமல் இழுத்தடித்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லுவார், அங்கே கல்லூரி வீரர்களே இப்போது இலட்சக்கணக்கில் உழைக்கிறார்கள் என்று. 2021 இல் இருந்து தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அவர்களுக்கு அனுமதி உண்டு, அது உண்மைதான். ஆனால் மாணவர் விசாவில் போகும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வேலைக் கட்டுப்பாடு இருக்கிறது. அந்தப் பணம் அவர்களுக்கு எளிதில் கிடைக்காது.

இனி அக்கா. அவர் சொல்வதில் பாதி சரி. என்சிஏஏ முதல் பிரிவில் ஆட வேண்டுமென்றால் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் போன்ற அடிப்படைப் பாடங்களில் குறிப்பிட்ட தரம் வேண்டும். நம் ஓ.எல்., ஏ.எல். பெறுபேறுகளை வாங்கித்தான் மதிப்பிடுவார்கள். ஏ.எல்லைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறினால் கையில் இருக்கும் ஒரே சான்றிதழும் பாதியாகிவிடும். பரீட்சை முடித்து வருடக்கணக்கில் சும்மா இருந்து கழக மேட்ச் ஆடிக்கொண்டிருப்பதும் கூடாது. கல்லூரியில் ஆடக் கிடைக்கும் ஆண்டுகளில் அது கழிந்துபோகலாம். பந்தைத் தொடவே கூடாது என்பதுதான் அவர் சொல்வதில் பிழையான பாதி. பதினேழு, பதினெட்டு வயதில் விட்டுவிட்டுப் பத்தொன்பதில் கார்ட்டாக மாற முடியாது. ரியூஷனுக்கு இடைஞ்சல் என்றால் சுற்றுப்போட்டிகளைக் குறையுங்கள், காலைப் பயிற்சியைக் குறைக்க வேண்டாம். பள்ளிக்கு முன் ஒரு மணித்தியாலம் போதும். கல்லூரிகளின் மூன்று புள்ளிக் கோடும் நம் கோர்ட்டில் இருக்கும் கோடும் ஒரே 6.75 மீற்றர்தான், 2019 இல் அவர்களே மாற்றிக்கொண்டார்கள். அதனால் அவன் இங்கே பழகுவது வீணாகாது.

உள்ளூர் வழியையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. இங்கே கூடைப்பந்தை மட்டும் ஆடிக் குடும்பம் நடத்த முடியாது. முப்படை அணிகள், பொலிஸ், மேர்க்கன்டைல் போட்டிகளில் ஆடும் கம்பனிகள் என்று வேலையோடு சேர்ந்து ஆடலாம். தேசிய மட்டத்தில் ஆடியிருந்தால் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம். சித்தப்பாவுக்கு உதவ ஆசை என்றால் கனடாப் பல்கலைக்கழகங்களை விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கே 2019 இல் தொடங்கிய தொழில்முறை லீக் ஒன்று பல்கலைக்கழக வீரர்களை ஆண்டுதோறும் தெரிவுசெய்கிறது. செலவு குறைவென்று சொல்ல மாட்டேன், ஆனால் காசு எதற்குப் போகிறது என்றாவது தெரியும்.

விடுமுறைக்கு அவனை மட்டக்களப்புக்கு அனுப்ப முடியுமா? அமெரிக்கா அங்கே எப்போதோ வந்துவிட்டது. 1940களில் அமெரிக்க இயேசு சபைக் குருமார் வந்தார்கள். அவர்களில் ஒருவரான யூஜின் ஹேபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பல வருடம் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஆகஸ்ட்டில், கலவர நாட்களில், பாதையில் காணாமல் போனவர் திரும்பவில்லை. அந்த ஊரில் ஆட்டம் இன்னும் நிற்கவில்லை. அவனைவிட ஓர் அடி கட்டையான பையன்கள் நான்கு பேர் சேர்ந்து கையில் இருந்து பந்தைத் தட்டிப் பறிக்கட்டும். அவனுக்கு அது வேண்டும்.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கோச்சைத் தனியாகச் சந்தித்து, பயிற்சி மேட்ச்களில் பத்து நிமிடமாவது அவனைப் பந்து கொண்டுவரும் இடத்தில் ஆடவிடச் சொல்லிக் கேளுங்கள். முதலில் பந்தைத் தொலைப்பான், அணி தோற்கும், மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இரண்டு மூன்று மாதம் போகட்டும். பிறகு முழு மேட்ச்சாக வீடியோ எடுங்கள், பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய இரண்டு நிமிடத் துண்டு வேண்டாம். பந்து கையில் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்பதும் அதில் தெரிய வேண்டும். அதை அவனே, தன் ஆங்கிலத்தில், கல்லூரிக் கோச்மாருக்கு எழுதி அனுப்பட்டும். பெரிய பெயர்களை விட்டுவிட்டு இரண்டாம் பிரிவு, இரண்டு வருட ஜூனியர் கல்லூரிகள் என்று தொடங்கலாம். மின்னஞ்சலுக்குக் காசு இல்லை.

ஏஜென்சிக்காரருக்கு முற்பணம் ஏதும் இன்னும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கொடுத்திருந்தால் ரசீதைப் படம் எடுத்து உடனே எனக்கு அனுப்புங்கள்.