ரைன் கரைக் கோட்டைகளுக்குக் குடும்பத்தோடு: கேள்வி பதில்

கோடை விடுமுறையில் ஐரோப்பியக் கோட்டைகளையும் கிராமங்களையும் பார்க்க விரும்பும் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். நான் இருப்பது ஜெர்மனியின் கோப்ளென்ஸில், ரைனும் மோசெலும் கலக்கும் ஊரில். இந்தச் சுற்றுவட்டாரம் பற்றி விரிவாகச் சொல்கிறேன். பாரிஸ், சுவிட்சர்லாந்து பற்றி அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள்.

மதுரை: அக்கா, மே மாதம் எட்டு நாள் வருகிறோம். பிள்ளைகளுக்கு 7, 11 வயது. எங்கே தங்கி, எதையெல்லாம் பார்க்கலாம்?

மே நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்ட் கூட்டம் இன்னும் வந்திருக்காது. மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். காலையில் மட்டும் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். மே 1-ம், ஈஸ்டர் தேதியைப் பொறுத்து வரும் கிறிஸ்தவப் பண்டிகை நாட்களும் பொது விடுமுறை. அன்றும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடைகள் மூடியிருக்கும். பாலும் ரொட்டியும் முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் ரைன் பள்ளத்தாக்கை 2002-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இரு கரையிலும் ரயில் ஓடுகிறது. நடுவில் பாலமே கிடையாது, அக்கரைக்குப் படகில்தான் போக வேண்டும். பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம். பாகரக், ஓபர்வேசல், போப்பார்ட் மூன்றில் ஓர் ஊரைப் பிடித்து எட்டு நாளும் அங்கேயே தங்குங்கள். தினமும் பெட்டி கட்டி ஊர் மாறினால் பாதி விடுமுறை ஸ்டேஷன் படிக்கட்டில் போய்விடும்.

பாகரக்கின் மேலே உள்ள ஸ்டாலெக் கோட்டை இப்போது யூத் ஹாஸ்டல். குடும்பமாகவும் தங்கலாம், காலை உணவு உண்டு, யூத் ஹாஸ்டல் சங்க உறுப்பினர் அட்டை வேண்டும். கோட்டைக்குள்ளேயே தூங்கி எழுவதை உங்கள் 7 வயதுக்காரர் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டார். சீக்கிரம் நிரம்பிவிடும், முந்திக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஊருக்குள் அறை எடுத்தால் தண்டவாளம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். இரவெல்லாம் சரக்கு ரயில் ஓடும். சத்தம் எதிர்க்கரை மலையில் மோதித் திரும்பும்.

பார்க்க வேண்டியவை: பிரௌபாக்கில் மார்க்ஸ்பர்க், சங்க்ட் கோவாரில் ரைன்ஃபெல்ஸ், காவுப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவில் நிற்கும் பழைய சுங்கக் கோட்டை, மோசெல் பக்கம் எல்ட்ஸ். ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஒரு நாள் பாகரக்கிலிருந்து சங்க்ட் கோவாருக்குப் படகில் போங்கள், வழியில் 132 மீட்டர் உயர லோரலை பாறை வரும். எல்ட்ஸுக்கு மோசெல்கெர்ன் ஸ்டேஷனில் இறங்கிக் காட்டு வழியே நடக்கலாம், பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரம் ஆகும். மரங்களுக்கு நடுவே கோட்டை திடீரென்று எதிரே வந்து நிற்கும். அதற்காகவே நடக்கச் சொல்கிறேன். மிச்ச நாட்களைத் திட்டமே இல்லாமல் விடுங்கள். திராட்சைத் தோட்டச் சரிவில் நடக்கட்டும், ஆற்றில் கல் எறியட்டும்.

சிங்கப்பூர்: ஏழு நாளில் நான்கு நாடு முடியுமா?

முடியும். ஆனால் கோட்டை எதையும் பார்த்திருக்கமாட்டீர்கள்.

திருச்சி: விசா எத்தனை நாள் முன்னால் போட வேண்டும்?

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து போடலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். கடைசி வரை காத்திருக்காதீர்கள், கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். மற்ற காகிதங்களுக்குத் தூதரக அறிவிப்பைப் பாருங்கள். அடுத்து வந்த விசா கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

கோயம்புத்தூர்: நொய்ஷ்வான்ஸ்டைனைப் பட்டியலில் சேர்க்கவே இல்லையே? என் மகள் அதற்காகத்தான் வருகிறாள்.

அந்தக் கோட்டை தெற்கே பவேரியாவில் இருக்கிறது. அப்படியானால் ம்யூனிக்கில் தங்குங்கள், அங்கிருந்து கோட்டைக்குப் பக்கத்து ஊரான ஃப்யூசனுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான். இங்கிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. நேரம் குறித்த டிக்கெட் முன்கூட்டியே எடுங்கள். உள்ளே வழிகாட்டியோடு சுமார் அரை மணி நேரம், படம் எடுக்க அனுமதியில்லை. இதையெல்லாம் மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெங்களூரு: அது போலிக் கோட்டை. சினிமா செட் மாதிரி. ஏன் மக்களை அங்கே அனுப்புகிறீர்கள்?

போலி என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1869-இல் அடிக்கல் நாட்டியது, ஒரு நாடக மேடை ஓவியர் வரைந்த படத்தை வைத்துக் கட்டியது, உள்ளே செங்கல், வெளியே சுண்ணாம்புக்கல், வெப்பக் காற்றால் அறைகளைச் சூடாக்கும் வசதி, எல்லாம் உண்மை. யாரும் இதை மறைத்ததில்லை. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் தன் மனதில் இருந்த பழங்காலத்தைத் தன் காலத்துத் தொழில்நுட்பத்தில் எழுப்பினார். 1886 ஜூனில் இறந்தார், ஆகஸ்டில் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025-இல் லுட்விக்கின் அரண்மனைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரு ராஜாவின் கனவு என்று நினைத்துப் போங்கள், வியப்பாக இருக்கும்.

பெங்களூரு (மறுபடியும்): உங்கள் ரைன் கோட்டைகள் போருக்குக் கட்டியவை. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

எல்லாமே அப்படி இல்லை. 1689-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை இந்தப் பகுதிக் கோட்டைகள் பலவற்றை இடித்துத் தள்ளியது. கோப்ளென்ஸ் பக்கத்து ஸ்டோல்சன்ஃபெல்ஸ் நூறு ஆண்டுக்கு மேல் இடிபாடாகக் கிடந்தது. பிரஷ்ய இளவரசர், கட்டடக் கலைஞர் ஷிங்கலின் திட்டப்படி அதைத் திரும்பக் கட்டி, மன்னரான பிறகு 1842-இல் குடிபுகுந்தார். நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு முன்னோடி என்றே அதைச் சொல்லலாம். நான் தங்கச் சொன்ன ஸ்டாலெக்கும் 1689-இல் அழிந்ததுதான், இன்றைய கட்டடம் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. ரைன்ஃபெல்ஸ் 1692 முற்றுகையைத் தாங்கி நின்றது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் வந்த படை வெடி வைத்துத் தகர்த்தது. இந்தப் பள்ளத்தாக்கின் மலைக்கோட்டைகளில் அழியாமல் தப்பியது மார்க்ஸ்பர்க் ஒன்றுதான்.

அதனால்தான் மார்க்ஸ்பர்க், ரைன்ஃபெல்ஸ், ஸ்டோல்சன்ஃபெல்ஸ் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று முழுசாக நிற்கிறது, ஒன்று உடைந்தபடியே இருக்கிறது, ஒன்று ஆசைப்பட்டுத் திரும்பக் கட்டியது. மூன்று நாளில் பிள்ளைகளுக்கு வித்தியாசம் கண்ணிலேயே பட்டுவிடும். பத்துக் கோட்டை பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது.

கோயம்புத்தூர்: நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள். என் மகளுக்கு நொய்ஷ்வான்ஸ்டைன்தான் வேண்டும்!

தாராளமாகக் கூட்டிப் போங்கள். மகள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

துபாய்: ஆறு நாள், ஐந்து நாடு. ரூட் போட்டுத் தரமுடியுமா?

சிங்கப்பூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சேலம்: கார் வேண்டுமா, ரயில் போதுமா?

ரயில் போதும். ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கு மாதச் சீட்டு 2026 ஜனவரி முதல் 63 யூரோ, வேக ரயிலில் செல்லாது. அது சந்தா. நீங்களாக ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடித்துவிடுவார்கள், ரத்து செய்யக் கடைசி நாள் 10-ம் தேதி. சில நாள்தான் சுற்றுவீர்கள் என்றால் மாநில நாள் சீட்டு நல்லது. ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம், வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும்.

ஈரோடு: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

சமையலறையோடு வாடகை வீடு எடுங்கள். அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் உண்டு. வெளியில் சாப்பிட்டால் உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஃப்ளாம்குஹன் என்ற மெல்லிய பீட்சா போன்ற ரொட்டியை வாங்கும்போது பன்றி இறைச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், வழக்கமாக அது இருக்கும்.

சென்னை: ஆறு தெரியும்படி பால்கனி அறை மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

அது ஏன் மலிவு என்று மதுரைக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். தண்டவாளம்!

டொராண்டோ: ஹாம் நகரக் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் போக விருப்பம். தூரமோ?

ரயிலில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஈழத் தமிழர் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில். தேர்த் திருவிழா கோடைத் தொடக்கத்தில் வரும். நாளைக் கோயிலில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

தஞ்சாவூர்: அம்மாவுக்கு முழங்கால் வலி. கோட்டை எதுவுமே பார்க்க முடியாதா அக்கா?

முடியும், மனம் தளராதீர்கள். மார்க்ஸ்பர்க் வேண்டாம், வாசலுக்குள்ளேயே கரடுமுரடான பாறைப் படிகள். எல்ட்ஸில் கார் நிறுத்துமிடத்திலிருந்து சிறு பஸ் இறக்கிவிடும், ஆனால் உள்ளே நிறையப் படிகள். அம்மாவைப் படகில் கூட்டிப் போங்கள், உட்கார்ந்தபடியே வரிசையாகப் பல கோட்டைகளைப் பார்த்துவிடலாம். அப்புறம் கோப்ளென்ஸுக்கு வாருங்கள். 2011 தோட்டக் கண்காட்சிக்காகப் போட்ட கேபிள் கார் ரைனைக் கடந்து எரன்பிரைட்ஸ்டைன் கோட்டைக்கே கொண்டுபோய் விடும். சக்கர நாற்காலியோடும் ஏறலாம். மேலே பரந்த முற்றம், இரண்டு ஆறுகளும் சேரும் இடம் கீழே தெளிவாகத் தெரியும். கேபிள் காருக்கும் கோட்டைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள்.