மீன் குழம்பை விடாமல் எடை குறைக்கலாம்: கேள்வி பதில்

தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை, நட்பு வட்டமாகச் சேர்ந்து எடை குறைக்க முயல்பவர்கள் நிறைய கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். நான் ராமநாதபுரத்தில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நம் கடற்கரை வீடுகளின் அடுப்படி எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எடை இறங்கும்போது மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும்.

அக்கா, நாங்கள் ஆறு தோழிகள் ஒரே நாளில் ஆரம்பித்தோம். ஒரே மாதிரி சாப்பிடுகிறோம், சேர்ந்துதான் நடக்கிறோம். மூன்று வாரத்தில் ஒருத்திக்கு நான்கு கிலோ போய்விட்டது, எனக்கு ஒரு கிலோதான். விட்டுவிடலாம் போலிருக்கிறது. (தொண்டி)

விடாதீர்கள். நீங்கள் இழந்த ஒரு கிலோ பெரும்பாலும் கொழுப்பாகவே இருக்கலாம். உங்கள் தோழியின் நான்கு கிலோவில் பாதிக்கு மேல் தண்ணீராக இருக்க வாய்ப்பு உண்டு. சோறு, இட்லி, இனிப்பைச் சட்டென்று குறைத்தால் உடம்பு முதலில் ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் செலவழிக்கும். அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் வெளியேறும். முதல் இரண்டு வாரம் எடைக்கருவியின் முள் வேகமாக இறங்குவது இதனால்தான். எடை அதிகம் உள்ளவர்களுக்கு இந்த இறக்கம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோதான் போகும். அதற்கு மேல் வேகம் வேண்டும் என்று பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து கரையும், முடியும் கொட்டும்.

இன்னொன்று, மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அந்த வாரம் எடை பார்த்து மனம் நொந்துபோன பெண்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆறு பேருக்கும் அந்த வாரம் ஒன்றாக வராது. அதனால் ஒருத்தியின் எண்ணை இன்னொருத்தியின் எண்ணோடு வைத்துப் பார்க்காதீர்கள். போன மாதம் இதே நாளில் உங்கள் எடை என்ன, இன்று என்ன என்று பாருங்கள். தையல் டேப்பை எடுத்து இடுப்பையும் அளந்து வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் ஆண்களுக்கு 90க்கு மேலும் போனால் கவனிக்க வேண்டும். எடை நின்றுபோன மாதத்திலும் டேப் இறங்கும்.

வீட்டில் தினமும் மீன்தான். மீன் சாப்பிட்டால் எடை கூடுமா? (தேவிபட்டினம்)

மீன் கூட்டாது. அதை எப்படிச் சமைக்கிறோம் என்பதில்தான் விஷயம். 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. சாப்பிட்டால் வயிறு நிறைந்து நிற்கும், தசையும் கரையாமல் இருக்கும். விலை மீன்தான் வேண்டும் என்றில்லை. நெத்திலி, சூடை, காரல் எல்லாமே நல்லது.

இப்போது அடுப்பைப் பாருங்கள். சட்டி காய்ந்ததும் பாட்டிலைக் கவிழ்த்து ஒரு சுற்றுச் சுற்றி ஊற்றுகிறோமே, அதை ஒரு நாள் மேசைக்கரண்டியில் அளந்து ஊற்றிப் பாருங்கள். பல வீடுகளில் நான்கைந்து கரண்டி வந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. குழம்புக்கு நான்கு, பொரிக்க மூன்று, கூட்டுக்கு ஒன்று என்று போனால் ஒரு வேளைச் சமையலில் ஆயிரம் கலோரி எண்ணெயாகவே சேர்ந்துவிடும். அது நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா, செக்கில் ஆட்டியதா என்பதால் கலோரி குறையாது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்து, மாத ஆரம்பத்திலேயே அளந்து தனியாக எடுத்து வையுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான்.

மீனைப் பொரிப்பதற்குப் பதில் குண்டு மிளகாய் அரைத்துப் பூசி, தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெயில் சுட்டெடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மிளகாய் அது. அதன் மணத்துக்கு எண்ணெய்க் குளியல் தேவையில்லை.

கருவாடு?

கலோரிக்குப் பயமில்லை, உப்புக்குத்தான் பயம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள், குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். இரத்த அழுத்தம் இருப்பவர்கள் அடிக்கடி வேண்டாம்.

சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக் காபி குடிக்கிறேன். ஆனாலும் எடை குறையவில்லையே? (சாயல்குடி)

குறையாது. கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, ருசியும் உண்டு. ஆனால் கலோரியில் அது சர்க்கரைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பதநீரிலும் இனிப்பு நிறைய. பனையிலிருந்து வேண்டுமென்றால் கோடையில் நுங்கு சாப்பிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் அவித்த பனங்கிழங்கை ஒரு வேளைச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள். சோற்றையும் சாப்பிட்டு அதன் மேல் கிழங்கும் என்றால் கணக்கு ஏறத்தான் செய்யும்.

நோன்பு மாதத்தில் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பெருநாளுக்குள் இரண்டு கிலோ கூடிவிடுகிறது. எப்படி? (கீழக்கரை)

இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்திருக்கிறது. நோன்புக் கஞ்சியைக் குறை சொல்ல மாட்டேன். அரிசி, பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி சேர்ந்த நல்ல உணவு. ஒரு கிண்ணத்தில் வயிறு அடங்கிவிடும். அதோடு வரும் வடை, சமோசா, பஜ்ஜி, சர்பத் ஆகியவைதான் எடையைக் கூட்டுகின்றன. சமோசா ஒன்று அளவைப் பொறுத்து 100 முதல் 250 கலோரி வரை இருக்கும். இதற்கு மேல் இரவு பரோட்டா, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு நெய்ச்சோறு என்று போனால் பகல் பட்டினி எங்கே நிற்கும்?

பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பு திறங்கள், கஞ்சி குடியுங்கள், அத்தோடு எழுந்து தொழுகைக்குப் போய்விடுங்கள். திரும்பி வந்தபின் ஒரு தட்டுச் சாப்பாடு போதும். பொரித்தது வாரத்தில் இரண்டு நாள் என்று தோழிகள் எல்லாரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு தட்டு அனுப்பும் ஊர் உங்களுடையது. நீங்கள் ஒருத்தி மட்டும் நிறுத்தினால் பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிடும். நான்கு வீடு சேர்ந்து, பொரித்ததற்குப் பதில் பழம் அனுப்புவோம் என்று முடிவெடுத்தால் அந்தத் தெருவே மாறும். தொதல், வட்டலப்பம் என்ற இனிப்புகளைப் பெருநாளன்று சாப்பிடுங்கள், அதற்கு யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பகலில் சர்க்கரை தாழ்ந்தால் ஆபத்து.

நாங்கள் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர்கள். கூட வரும் பெண் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறையைச் செய்கிறாள். நாங்களும் செய்யலாமா? (பாம்பன் பக்கம்)

கடலுக்குப் போகும் நாளில் வேண்டவே வேண்டாம். மூச்சடக்கி முங்குகிற வேலை. வெறும் வயிற்றோடு தண்ணீருக்குள் தலை சுற்றினால் பிடிக்க ஆள் இருக்காது. காலையில் பழைய சோறோ கேப்பைக்கூழோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பெண்ணிடமும் இதைச் சொல்லுங்கள்.

மேடம், நான் விசைப்படகுத் தொழிலாளி. கடலில் இருக்கும்போது உடம்பு இறுக்கமாக இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் தொப்பை விழுந்துவிடுகிறது. (மண்டபம்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்கள் உடம்புக்கு வேலை நிற்கிறது, சாப்பாட்டின் அளவு மட்டும் நிற்பதில்லை. கடலுக்குப் போகும்போது சாப்பிட்ட சோற்றில் மூன்றில் ஒரு பங்கை, முடிந்தால் பாதியை, அந்த இரண்டு மாதம் குறைத்துவிடுங்கள். மீனும் காய்கறியும் குறைய வேண்டாம். வலை பின்னவும் படகு பழுது பார்க்கவும் உட்கார்ந்தே இருப்பீர்கள். காலையில் கூட்டாளிகளோடு ஒரு மணி நேரம் வேகமாக நடங்கள். சாயங்காலக் கடைத்தெருவில் வடையும் நான்கைந்து டீயும் சேர்ந்துகொள்ளும், அதையும் பாருங்கள். இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட டீ நான்கு குடித்தால் சர்க்கரை மட்டுமே 160 கலோரி. மது பழக்கம் இருந்தால் இந்த இரண்டு மாதத்தில்தான் அது கூடுகிறது. தம்பி, அதைக் குறைக்காமல் தொப்பையைப் பேசிப் பயனில்லை.

கல்லூரித் தோழிகள் மதுரையிலிருந்து வருகிறார்கள். இரண்டு நாள் ராமேஸ்வரம், தனுஷ்கோடி சுற்றப் போகிறோம். மூன்று மாதமாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பயணத்தில் எல்லாம் பாழாகிவிடுமோ? (ராமநாதபுரம்)

இரண்டு நாளில் எதுவும் பாழாகாது. தோழிகளோடு போகிற பயணத்தில் தட்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தால் அது என்ன பயணம்? நான் சொல்வது, நடையைக் கூட்டுங்கள், ஒரே ஒரு வேளையை விருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பதற்கு இதைவிட நல்ல இடம் நம் மாவட்டத்தில் இல்லை. ராமநாதசுவாமி கோயில் மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள். ஒரு முறை சுற்றினாலே அரை கிலோமீட்டரைத் தாண்டும். வெயில் படாது, கல் தரை குளிர்ந்திருக்கும். 22 தீர்த்தமும் ஆடப் போகிறீர்கள் என்றால் அது வேறு நடை. ஈரத் துணியோடு கிணறு கிணறாகப் போய் முடிக்கும்போது நல்ல பசி எடுத்திருக்கும். அங்கேதான் கவனம் வேண்டும். வெளியே வந்ததும் முதல் கடையில் பூரி, பொங்கல், வடை என்று உட்கார்ந்துவிடுவோம். பையில் அவித்த சுண்டலோ இரண்டு வாழைப்பழமோ வைத்திருங்கள். கொஞ்சம் பசியாற்றிவிட்டு உட்கார்ந்தால் இரண்டு இட்லி, சாம்பாரோடு எழுந்துவிட முடியும்.

பாம்பனில் சாலைப் பாலத்தில் நின்று, பக்கத்தில் 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் ஆசைப்படுவார்கள். காற்று பலமாக இருக்கும், வண்டிகள் ஓயாது. குழந்தைகள் இருந்தால் கையை விடாதீர்கள்.

தனுஷ்கோடிக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். அரிச்சல்முனையில் நிழல் தேடினாலும் கிடைக்காது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். தாகத்தைப் பசி என்று நினைத்துப் பலர் கடையில் கை வைக்கிறார்கள். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரையும் இடிந்த ரயில் நிலையத்தையும் வண்டியில் இருந்தபடி எட்டிப் பார்க்காதீர்கள். இறங்கி மணலில் நடந்து பாருங்கள். தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க உடம்பு கூடுதலாக உழைக்கிறது. அதைவிட, அந்த ஊரை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

விருந்து வேளையை மத்தியானம் வையுங்கள். மீன் சாப்பாடு, நண்டு, கணவாய் எது பிடிக்குமோ அதை மனசாரச் சாப்பிடுங்கள். இரவு பரோட்டாக் கடையை மட்டும் தவிருங்கள். ஒரு பரோட்டா 250, 300 கலோரி வரும். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்து செலவழிப்பதும் அந்த அளவுதான். மூன்று பரோட்டா சாப்பிட்டால் அன்றைய நடை முழுவதும் அதற்கே போய்விடும்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் எடை பார்க்காதீர்கள். வெளிச்சாப்பாட்டு உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நான்கு நாள் கழித்துப் பாருங்கள்.

வளைகுடாவிலிருந்து மாத விடுப்பில் வருகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் விருந்து. மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். (பெரியபட்டினம்)

மறுக்காதீர்கள் தம்பி. ஆசையாகக் கூப்பிடுகிறார்கள். ஒரு நாளில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணியில் கறியை முதலில் சாப்பிடுங்கள், சோறு பாதி போதும், இரண்டாம் முறை வாங்க வேண்டாம். குளிர்பானத்துக்கு மட்டும் தாராளமாக "வேண்டாம்" சொல்லலாம், அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி. நடக்கச் சொன்னால் வலிக்கிறது என்கிறார், நடக்காததால் எடை ஏறுகிறது. (திருப்புல்லாணி)

ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பிக்கை வரும். தொடக்கத்தில் மணல் வேண்டாம், சமதரையில் பத்து நிமிடம், காலையும் மாலையும். கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி தினமும் பத்து முறை. தொடைத் தசை பலமானால் முழங்கால் வலி குறையும். வீக்கம் இருந்தால் முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் மட்டும். பசியைக் குறைத்து எடையையும் நன்றாகக் குறைக்கும் மருந்துகள் அவை. வாந்தி, மலச்சிக்கல் வரலாம். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்புகிறது. தோழி போடுகிறாள் என்று அவளுடைய ஊசியை நீங்கள் போட்டுக்கொள்வது கூடவே கூடாது.

எங்கள் வட்டத்தில் எல்லாரும் வாரம் ஒரு முறை எடை சொல்ல வேண்டும். எனக்குக் கூடியிருந்தால் கிண்டல் செய்கிறார்கள். "குண்டு" என்றே கூப்பிடுகிறாள் ஒருத்தி. போகவே பிடிக்கவில்லை. (ராமேஸ்வரம்)

படித்ததும் மனம் வலித்தது. கேலிக்குப் பயந்து யாரும் இளைப்பதில்லை. கேலி பட்டவர்கள் ஒளிந்து சாப்பிடுவதைத்தான் நான் பார்க்கிறேன். அந்தத் தோழியைத் தனியாகக் கூப்பிட்டு, அப்படிக் கூப்பிடுவது உனக்கு விளையாட்டு, எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். உண்மையான தோழி என்றால் அன்றோடு நிறுத்துவாள்.

அப்புறம் வட்டத்தின் விதியை மாற்றச் சொல்லுங்கள். எடையை அவரவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பொதுவில் சொல்வது செய்ததை மட்டும்: இந்த வாரம் எத்தனை நாள் நடந்தேன், எண்ணெய் எவ்வளவு ஆனது, எத்தனை மணிக்குத் தூங்கினேன். எடை நம் சொல்பேச்சு கேட்காது, இவை கேட்கும். நடக்க வராதவளை ஏன் வரவில்லை என்று விசாரிப்பதைவிட, வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருப்பாள். அன்றைக்கு நடையை விட்டுவிட்டு அவள் வீட்டு வேலையில் ஆளுக்கொன்றைச் செய்துகொடுத்துவிட்டு வந்தாலும் சரிதான். அவர்கள் மாறவே மறுத்தால், உங்களை மதிக்கும் ஒரே ஒரு தோழியோடு நடங்கள், இரண்டு பேர் போதும்.

கோடையில் எத்தனை மணிக்கு நடப்பது?

காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏழுக்குள் வீடு திரும்புங்கள். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு, கடல்காற்று வீசும் நேரத்தில் போகலாம். வாரத்துக்கு 150 நிமிடம் வந்தால் போதும். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்கியாவது தசைக்கு வேலை கொடுங்கள்.