சால்வையும் ஒப்புகைச் சீட்டும்

அன்புள்ள ஐயா,

தேர்தல் முடிந்துவிட்டது. ஜெயித்த எம்.எல்.ஏ.வை வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் எங்கள் சேகரத்துக்கு (ஒரே குருவின் கீழுள்ள சபைகள்) அழைத்துச் சால்வை போர்த்துகிறோம். அப்போதே ஏழைகளுக்காக ஒரு மனுவும் கொடுக்கிறோம். முதியோர் உதவித்தொகை, பட்டா, ஆலயச் சுற்றுச்சுவர் தொடங்கி தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. தகுதி வரை 14 கோரிக்கைகள். சேகரத்தின் லெட்டர்பேடில் அடித்து 212 பேரிடம் கையெழுத்து வாங்கியாயிற்று. மூன்று முறை உதவித்தொகை மறுக்கப்பட்ட எஸ்தர் பாட்டியின் பெயர்தான் முதலில் இருக்கிறது. ஆனால் மூத்தவர் ஒருவர், 'மேலான அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது ரோமர் 13, சபைக்கு எதற்கு அரசியல்?' என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

சாமுவேல்

அன்புள்ள சாமுவேல்,

ரோமர் 13ஐ எழுதிய அதே பவுல்தான் ரோம ஆளுநர் பெஸ்துவின் முன்னால் நின்று 'இராயனுக்கு அபயமிடுகிறேன்', அதாவது பேரரசரிடமே மேல்முறையீடு செய்கிறேன் என்றவர். மூத்தவருக்கு இது போதும். சால்வையைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை, போர்த்துங்கள்.

சுற்றுச்சுவரை அடித்துவிடுங்கள். எம்.பி. தொகுதி நிதியின் விதிகளில் வழிபாட்டுத் தலத்துக்குள் வேலை செய்ய இடமே கிடையாது. எம்.எல்.ஏ.விடம் கேட்டு வாங்க முடிந்தாலும், ஏழைகளின் பட்டியலில் அதற்கு என்ன வேலை? அசனப் பண்டிகை விருந்துக்கு வசூலிக்கத் தெரிந்த சபைக்குச் சுவர் கட்டவும் தெரியும்.

எஸ்.சி. தகுதியையும் எடுத்துவிடுங்கள். அது நியாயமான கோரிக்கைதான், ஆனால் வாசல் வேறு. முதலில் இந்துக்களுக்கு மட்டுமே எஸ்.சி. தகுதி என்று எழுதிய, 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி கிறிஸ்தவர்களைத் தடுத்து வைத்திருக்கிறது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திறந்த கதவு அது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்றே தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டது. விஷயம் டெல்லியில் கிடக்கிறது. உங்கள் எம்.எல்.ஏ. என்ன செய்வார், தலையாட்டுவார்.

இனி அந்த மனுவுக்கு வருகிறேன். 14 கோரிக்கையை ஒரே தாளில் எழுதியது யார் யோசனை? எம்.எல்.ஏ. அதை வாங்கி, ஓரத்தில் 'ஆவன செய்யவும்' என்று எழுதி கலெக்டருக்கு அனுப்புவார். அங்கே அதற்கு ஒரு எண் விழும், ஒரு துறைக்குப் போகும். வருவாய்த் துறை என்று குறித்துவிட்டால் தாசில்தார், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.). பாட்டியின் விண்ணப்பத்துக்கு எதிராக முதலில் எழுதிய அதே மேசைக்கே சுற்றிவந்து சேரும். ஒன்றிரண்டுக்கு ஏதோ பதில் எழுதி, மீதி 'பிற துறை சார்ந்தது' என்று முடித்துவிடுவார்கள். கணினியில் அது தீர்க்கப்பட்ட மனு. 212 கையெழுத்தும் அந்த ஒரு எண்ணுக்குள் அடக்கம்.

ஒரு ஆளுக்கு ஒரு மனு, அதில் ஒரே ஒரு கோரிக்கை. லூக்கா 18இல் வரும் விதவை ஒரே காரியத்தைத்தான் கேட்டாள். அநீதியுள்ள நியாயாதிபதியே சலித்துப்போகும்வரை கேட்டாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போங்கள். வெள்ளைத் தாளில் ஆதாரில் உள்ளபடியே பெயர், குடும்ப அட்டை எண், பழைய விண்ணப்ப எண், மறுத்த தேதி, மறுத்த காரணம், கேட்பது என்ன. ஒரு பக்கம் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையனின் செல் நம்பர் வேண்டாம், பாட்டி வீட்டிலேயே எடுக்கிற நம்பர் வேண்டும். அந்தப் பையன் திருப்பூருக்குப் போன அன்று மனுவும் செத்துப்போகும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள். அந்த மை சீக்கிரம் மங்கும், அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஏன் மறுத்தீர்கள்' என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் விளக்கம் தராது, கோப்பில் இருப்பதைத்தான் தரும். 'இந்த எண் மனு மீது வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் அளித்த அறிக்கைகளின் நகல் தருக' என்று கேளுங்கள். 30 நாள் அவகாசம், தவறினால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அறிக்கை கைக்கு வந்தால்தான் எதை எதிர்த்து வாதாடுவது என்றே தெரியும். பிள்ளை இருக்கிறான், ஆதரவற்றவர் இல்லை என்று ஒரு வரி இருக்கலாம். பிள்ளை சோறு போடுகிறானா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

லெட்டர்பேடுக்கு வருகிறேன். கோபமும் இங்கேதான் வருகிறது. அந்த 212 பேரில் எத்தனை குடும்பத்துக்கு வீட்டில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் எஸ்.சி. சான்றிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, அவர் கிறிஸ்தவரே என்பதற்கு ஞானஸ்நானப் பதிவும் எடைபோடப்பட்டது. நீங்களோ 'எங்கள் சபையார்' என்று தலைப்புப் போட்டு, முகவரியோடு 212 பெயரை அரசுக் கோப்பில் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறீர்கள். முதியோர் உதவித்தொகைக்கு மதம் ஒரு தகுதியே இல்லை, பிறகு எதற்கு அந்த முத்திரை? சபையின் பெருமைக்குத்தானே? சபை கொடுக்க வேண்டியது எழுதிக் கொடுக்க ஒரு ஆள், பஸ் செலவு, இரண்டாவது திங்கட்கிழமையும் கூட வருகிற ஒருவர். இதற்கெல்லாம் லெட்டர்பேடு தேவையில்லை.

திட்டியது போதும். 212 வீட்டுப் படி ஏறியிருக்கிறீர்கள், அது லேசான வேலை இல்லை. எந்த வீட்டில் என்ன குறை என்று இன்று அந்த ஊரில் உங்களை விட அறிந்தவர் இருக்க முடியாது.

எஸ்தர் பாட்டியிலிருந்தே தொடங்குங்கள். ஆதாரில் எஸ்தர், ரேஷன் கார்டில் இசக்கியம்மாள் என்று இருக்கிறதா, பாருங்கள். மாத உதவித்தொகை இப்படித்தான் பல வீடுகளுக்கு வராமல் போகிறது. கார்டைத் திருத்த, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமுக்குப் போகலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதில் அவசரப்பட வேண்டாம். எந்தப் பெயரை நிறுத்துவது என்பதில் பேரப்பிள்ளைகளின் சான்றிதழும் மாட்டியிருக்கலாம். அதைப் பாட்டியின் வீட்டார் கூடி முடிவு செய்யட்டும். நீங்களோ சேகர குருவோ சொல்ல வேண்டாம்.