டூர் குரூப்ல சேர்ந்து ஆக்ராவ ஒரே நாள்ல பாத்துட்டு வர்றது வொர்த்தா?

அம்மா அப்பாவ கூட்டிட்டு போகலாமா, இல்ல தனியா போறது பெட்டரானும் சேர்த்து கேட்டிருக்கீங்க. போன நவம்பர்ல அம்மாவயும் அப்பாயியயும் (அப்பாவோட அம்மா, வயசு 74) கூட்டிட்டு இதே மாதிரி டூர்ல தான் போனேன், அதனால நடந்தத சொல்றேன். வயசானவங்க இருந்தா குரூப் தான் சரி, ஆனா கடைக்கு கூட்டிட்டு போற நேரத்துல மட்டும் நைசா கழண்டுக்கணும்.

திருச்சில இருந்து 36 பேர், கூடவே சமையல்காரர் ரெண்டு பேர், கேஸ் அடுப்பு, தயிர் வாளி எல்லாம். காலைல அஞ்சு மணிக்கு டெல்லில பஸ் ஏறுனோம். யமுனா எக்ஸ்பிரஸ்வே 165 கிலோமீட்டர், ரோடு வழவழன்னு இருக்கும், எல்லாரும் தூங்கிட்டோம், அதனால அதப்பத்தி சொல்ல ஒண்ணுமில்ல.

தாஜ்மஹால் பக்கத்துல பெட்ரோல் டீசல் வண்டி விடமாட்டாங்க, பேட்டரி வண்டில மாறி போகணும். கேட்ல செக்கிங். சாப்பாடு, தீப்பெட்டி, புகையில எதுவும் உள்ள போகாது. எங்க அப்பாயி இடுப்புல சொருகியிருந்த சுருக்குப்பைய அந்த லேடி போலீஸ் பிரிச்சு பாத்துச்சு, வெத்தல, கொட்டப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, கூடவே ஒரு பொட்டலம் பொகையில. பொகையிலய எடுத்து தொட்டில போட்டுருச்சு. வெத்தலயும் கூடாதாம். "நான் என்ன இடிக்கவா வந்தேன், வாய்க்கு போட தானடா வச்சிருக்கேன்"னு அப்பாயி தமிழ்லயே சண்ட போட்டுச்சு, அந்தம்மா இந்திலயே பதில் சொல்லுச்சு, ரெண்டு பேருக்கும் நல்லா புரிஞ்சுது போல. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அப்பாயி மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டு தான் தாஜ்மஹால பாத்துச்சு.

டிக்கெட் நமக்கு 50 ரூபா, மேல ஏறி கல்லறைக்கு உள்ள போகணும்னா தனியா 200. குரூப் பேக்கேஜ்ல பெரும்பாலும் அந்த 200 சேர்த்திருக்க மாட்டாங்க, முன்னாடியே கேட்டுக்கோங்க. வெள்ளிக்கிழம சுத்திப் பாக்க விடமாட்டாங்க, அதயும் பாத்து புக் பண்ணுங்க. உள்ள ஒரு விஷயம் கவனிங்க. மும்தாஜ் கல்லறை நட்ட நடுவுல, ஷாஜஹானோடது ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும். இந்தப்பக்கம் எப்படியோ அந்தப்பக்கமும் அப்படியேன்னு அளந்து கட்டுன எடத்துல கணக்கு தப்புறது அங்க மட்டும் தான், ஏன்னா அவர் அப்புறமா வந்து சேர்ந்தவர். நாம பாக்குறதும் நிஜ கல்லறை இல்ல, நிஜம் கீழ நிலவறைல இருக்கு. கைடு வழக்கம் போல கட்டுனவங்க கைய வெட்டுனாங்க, எதிர்க்கரைல கருப்பு தாஜ்மஹால் கட்ட நெனச்சாருனு அடிச்சு விட்டாரு. கை வெட்டுனதுக்கு ஆதாரம் கெடையாது, எதிர்க்கரைல தோண்டி பாத்தப்ப தோட்டமும் குளமும் தான் கெடச்சுது. ஆனா அவர் சொன்ன விதத்துல எங்க பஸ்ல பாதி பேர் கண்ணு கலங்கிட்டாங்க, அத ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.

அடுத்து ஆக்ரா கோட்ட. அக்பர் 1565ல ஆரம்பிச்சு கட்டுனது. ஷாஜஹான 1658ல மகன் ஔரங்கசீப் இங்க தான் அடைச்சு வச்சான், 1666ல இங்கயே உசுரு போச்சு, எட்டு வருஷம். அங்கருந்து பாத்தா ஆத்து வளைவுக்கு அந்தாண்ட தாஜ்மஹால் புகைமூட்டத்துல லேசா தெரியுது. நின்னு பாக்க எங்களுக்கு கெடச்சது பத்து நிமிஷம், ஏன்னா மேனேஜர் "கெளம்புங்க கெளம்புங்க"னு விசில் ஊதிட்டே இருந்தாரு.

அந்த அவசரம் எதுக்குனு புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டு முடிச்சதும் தான் தெரிஞ்சுது, மார்பிள் கடை! கோட்டைக்கு அம்பது நிமிஷம், கடைக்கு ஒன்னே முக்கா மணி நேரம். கமிஷன் சமாச்சாரம், எல்லாருக்கும் தெரிஞ்சது தான். ஆனா மொத கால் மணி நேரம் நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஒருத்தர் தரைல உக்காந்து கையால சக்கரத்த சுத்தி நகக்கண் அளவு செவப்பு கல்ல பூவிதழா தேய்ச்சு, மார்பிள்ல தோண்டுன குழில வச்சு பாக்குறாரு, சேரல, மறுபடி தேய்க்கிறாரு, நாலாவது தடவ தான் உக்காந்துச்சு. அப்புறம் லைட்ட அணைச்சுட்டு டார்ச் அடிச்சா அந்த செவப்பு பூ மட்டும் தணல் மாதிரி மின்னுது. அதோட நிறுத்தியிருக்கலாம், அடுத்து மாடிக்கு கூட்டிட்டு போய் டேபிள் விக்க ஆரம்பிச்சாங்க. வாங்குறதா இருந்தா நகத்தால கீறி பாருங்க, கோடு விழுந்தா அது மாவுக்கல்லு, மார்பிள் இல்ல.

நான் மேனேஜர்கிட்ட சொல்லிட்டு அம்மாவ கடைல விட்டுட்டு (அங்கயே சேலையும் இருந்துச்சு, அவங்களுக்கு அத பாக்கணுமாம்) அப்பாயியோட ஒரு ஆட்டோ புடிச்சு யமுனைக்கு அந்தக்கரைல இருக்க இதிமாத் உத் தௌலா கல்லறைக்கு போயிட்டேன். பேபி தாஜ்னு சொல்லுவாங்க. கூட்டமே இல்ல. வெள்ள மார்பிள்ல பூச்சாடி, சைப்ரஸ் மரம், மது குடுவைனு ஒரு கை அளவு எடம் விடாம கல் பதிச்சிருக்கு, தாஜ்மஹாலுக்கு முன்னாடியே, 1622ல இருந்து 1628க்குள்ள கட்டுனது. நூர்ஜஹான் தன் அப்பா இதிமாத் உத் தௌலாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து கட்டுனா, ரெண்டு பேரும் சில மாச இடைவெளில அடுத்தடுத்து போயிட்டாங்க.

அப்பாயி திண்ணை மாதிரி இருந்த எடத்துல உக்காந்து "இது யாருதுடா தம்பி"ன்னுச்சு. நூர்ஜஹானோட அண்ணன் மக தான் மும்தாஜ், இங்க படுத்திருக்கவரு மும்தாஜோட அப்பாவ பெத்தவரு, நூர்ஜஹான் கட்டிக்கிட்டது ஷாஜஹானோட அப்பா ஜஹாங்கீரனு சொன்னேன். கொஞ்ச நேரம் வெரல் விட்டு கணக்கு பாத்துச்சு. "அப்ப அந்த புள்ள அத்த வீட்டுக்கு தான் வாக்கப்பட்டு போயிருக்கா, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

எனக்கு சிரிப்பு தாங்கல. நாள் பூரா கைடு மைக்ல கத்துனது ஏறல, இது ஏறிடுச்சு. மும்தாஜுக்கும் ஷாஜஹானுக்கும் நிச்சயம் என்னமோ 1607லயே ஆயிடுச்சு, நூர்ஜஹான் ஜஹாங்கீர கட்டுனது 1611ல தான், ஆனா இவங்க கல்யாணம் நடந்தது 1612ல, அப்ப கல்யாணத்தன்னைக்கு கணக்குக்கு அப்பாயி சொன்னது கரெக்ட்டு தான?

திரும்பி வர்றப்ப டிராபிக்ல மாட்டி இருபது நிமிஷம் லேட், பஸ்ல எல்லாரும் மொறச்சாங்க. அதனால நீங்க கழண்டுக்குறதா இருந்தா மேனேஜர் நம்பரும் பஸ் நிக்கிற எடத்தோட லொகேஷனும் கைல வச்சுக்கோங்க, ஆட்டோவ போகவர பேசி நிறுத்தி வைங்க. வழில பேட்டாங்கிற ஆக்ரா ஸ்வீட் வாங்குனோம், நம்ம காசி அல்வா பண்ற அதே வெள்ளப்பூசணிதான், பாகுல ஊறிப்போய் ஒரே இனிப்பு. அம்மாவுக்கு ரெண்டு துண்டுலயே திகட்டிடுச்சு. அப்பாயி மட்டும் பொகையில இல்லாத கடுப்புல கால் கிலோவ டெல்லி வர்றதுக்குள்ள முடிச்சிருச்சு.