கையில் பட்டாலே ஹேண்ட்பால்தானா?

கோத்தகிரிப் பக்கம் நடந்த எஸ்டேட் கால்பந்து மேட்ச் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சறுக்கி விழுந்த டிஃபென்டர் தரையில் ஊன்றிய கையில் பந்து பட்டும் ரெஃபரி பெனால்டி தரவில்லை. பிறகு உங்கள் ஃபார்வர்டின் கையில் தெரியாமல் உரசி உள்ளே போன கோலை மட்டும் ரத்து செய்துவிட்டார். ஓரவஞ்சனை போலத்தான் தெரியும். ஆனால் நீங்கள் சொல்லும் விவரப்படி இரண்டுமே சரி என்பேன்.

பந்து கையில் பட்டதெல்லாம் ஹேண்ட்பால் என்ற குற்றமில்லை. வேண்டுமென்றே கையைப் பந்துக்குக் கொண்டுபோனாரா, இல்லாவிட்டால் கையை விரித்து உடம்பை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கினாரா என்றுதான் கால்பந்துச் சட்டத்தில் தவறுகளைப் பற்றிய விதி 12 பார்க்கிறது. இந்த இரண்டாவதுதான் தலைவலி. ஓடும்போது கை வீசத்தான் செய்யும். விழுகிறவர் கை ஊன்றத்தான் செய்வார், அதுவும் நம்ம ஊர் ஈர கிரவுண்டில் கேட்கவே வேண்டாம். அந்த அசைவுக்குக் கை அங்கே இருந்தது நியாயமா என்பது ரெஃபரியின் கணிப்பு. வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிற உலகக்கோப்பையிலேயே தகராறு வருகிறது. மூடுபனியில் ஒற்றை விசிலோடு நிற்பவர் பாவம்.

கோல் போடுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. தற்செயலாகப் பட்டாலும், கையிலிருந்து நேராகவோ பட்ட உடனேயோ அவரே போடும் கோல் செல்லாது. சக ஆட்டக்காரர் கையில் தற்செயலாகப் பட்டு இன்னொருவர் போட்டால்? 2021 முதல் அது கோல்தான். பழைய விதியை வைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

தோள்பட்டையில் பட்டால் ஹேண்ட்பால் இல்லை. அக்குளின் அடிமட்டத்துக்குக் கீழே இருப்பதுதான் கை.