ஐயா விட்டுப்போன துப்பாக்கியை ஆன்டிக் என்று விற்கலாமா?

கேள்வி: அறுபதாம் கல்யாணத்துக்காகக் கானாடுகாத்தான் வீட்டைத் திறந்தோம். இரண்டாங்கட்டு அறையில் ஐயாவின் (தாத்தாவின்) இரட்டைக்குழல் துப்பாக்கியும் கொஞ்சம் தோட்டாவும் கிடந்தன. லைசென்ஸ் 1994-இலேயே முடிந்துவிட்டது, ஐயாவும் இல்லை. பழஞ்சாமான் வாங்க வந்தவர், “இது ஆன்டிக், லைசென்ஸே வேண்டாம்” என்று விலை பேசுகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிவிடுங்கள்.

அவர் பேச்சில் துளி உண்மை இருப்பதுதான் ஆபத்து. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த, தொன்மையான ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அந்த வரிக்கு ஒரு வால் உண்டு: பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். தரகர்கள் தலையைக் காட்டி வாலை மறைப்பார்கள். தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி உடைந்தது, ஸ்பிரிங் போனது என்பதெல்லாம் பட்டறையில் சரியாகிற பழுது. உங்களுடையது 12 போர் (bore, குழல் அளவு) என்றால் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. அதை வழக்கொழிந்தது என்று எந்த இன்ஸ்பெக்டரும் ஒப்பமாட்டார். நூறு வருஷம் தாண்டினால் தொல்பொருள் என்பது 1972-இல் வந்த வேறொரு சட்டத்தின் கணக்கு. அந்தக் காகிதத்தை நீட்டினாலும் ஆயுத வழக்கிலிருந்து தப்ப முடியாது. குழல் தனி, கட்டை தனி என்று பிரித்து வாங்குகிறேன் என்பார்கள், பாகமும் ஆயுதம்தான். நீங்களே குழலை அறுத்து “சுடாது” என்று ஆக்கப் பார்க்காதீர்கள், அது தனிக் குற்றம்.

தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி வரிசையில் இது சேராது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே, 2019 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு முதல் ஐந்து வருஷம் சிறை. அமெரிக்காவில் துப்பாக்கி உரிமையா இல்லையா என்று 1791-இல் வந்த திருத்தத்தை வைத்து இன்னும் வாதாடுகிறார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நமக்கிருப்பது உரிமம், அதுவும் ஆளோடு போய்விடும். வளவில் (பூர்வீக வீட்டில்) பங்காளிகள் எல்லாருக்கும் பாத்தியம் இருக்கலாம், ஐயாவின் லைசென்ஸில் யாருக்கும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. குழலுக்குள் தோட்டா இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைத் தோட்டா ஈரத்தில் ஊதி, குழலின் அடிப்பகுதியில் தோட்டா உட்காரும் இடத்தில் இறுகியிருக்கும். பித்தளை அடியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். குத்தி எடுக்க வேண்டாம், கிணற்றிலும் போட வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு, உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு இரண்டு பிரதியில் கடிதம் எழுதுங்கள்: கண்டெடுத்த தேதி, தோட்டா எண்ணிக்கை, லைசென்ஸ் எண். காரில் போட்டுக்கொண்டு மதுரைக்கோ சென்னைக்கோ கிளம்பாதீர்கள். வழியில் சோதனையில் சிக்கினால் உங்கள் நல்ல எண்ணத்தை யாரும் கேட்கமாட்டார்கள். லைசென்ஸ் முடிந்து இத்தனை வருஷம் ஆனதால் ஒரு வக்கீலை உடன் வைத்துக்கொள்வது நல்லது.

ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி நிலையத்தில் ஒப்படைத்தபின் வழி இரண்டு: லைசென்ஸ் உள்ளவருக்கு முறையாக விற்பது, அல்லது வாரிசு ஒருவர் தன் பெயரில் லைசென்ஸ் கேட்பது. இரண்டாவதற்கு இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும், வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் கையெழுத்துக்கே ஆறு மாதம் போகும். காவல்துறை அறிக்கைக்கு விதி சொல்வது முப்பது நாள். கோப்பு தாசில்தார், கோட்டாட்சியர், டி.எஸ்.பி. என்று சுற்றி ஆட்சியர் மேசைக்கு வருவதற்குள் ஸ்டேஷன் அறையில் குழல் துருவேறிவிடும். “சீக்கிரம் முடித்துத் தருகிறேன்” என்று காசு கேட்பவருக்கும் அந்த மேசைக்கும் சம்பந்தமில்லை. லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடம் காப்பில் வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. காவல்துறையின் எழுத்து அனுமதியோடு மாற்றுங்கள், எண்ணெய் பூசி வைப்பார்கள்.

ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டு நகராதீர்கள். அதில் “பழைய துப்பாக்கி ஒன்று” என்று மட்டும் எழுதினால் வாங்காதீர்கள். போர், தயாரிப்பாளர் பெயர், குழலின் அடியில் வெட்டியிருக்கும் எண் மூன்றும் வேண்டும். அந்த எண்ணை ஐயாவின் லைசென்ஸ் புத்தகத்தோடு அங்கேயே ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் பிசகினாலும் அப்போதே திருத்தச் சொல்லுங்கள்.